தீட்டு, அழுக்கு, தீண்டாமை: எங்கே பிரிகின்றன, எங்கே கலக்கின்றன?

2025 ஏப்ரலில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டுத் தேர்வு எழுதிய காணொளி பரவியது. பள்ளி முதல்வர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மாணவி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. அதன் பின் நடந்த பொது விவாதத்தில் மூன்று விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதின. சுகாதாரத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றனர் சிலர். வீடுகளிலேயே கடைப்பிடிக்கப்படும் தீட்டுதான் என்றனர் வேறு சிலர். இது தீண்டாமை, குற்றம் என்றனர் மற்றவர்கள். அந்தப் பெண்ணின் தாயே தனி இடம் கேட்டிருந்தார் என்ற செய்தி வந்ததும் குழப்பம் மேலும் கூடியது.

சுகாதாரம், தீட்டு, தீண்டாமை ஆகிய மூன்று சொற்களும் ஒன்றையே குறிக்கவில்லை. ஆனாலும் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் சொல்லித் தப்பிக்கும் அளவுக்கு அவை நம் பேச்சில் கலந்து கிடக்கின்றன. தீட்டு என்ற சொல்லின் பொருள் என்ன, அது எவ்வெவற்றைத் தழுவுகிறது, சட்டம் அதில் எந்தப் பகுதியைத் தடை செய்திருக்கிறது என்பவற்றை அடிப்படையிலிருந்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. அழுக்கு வேறு, தீட்டு வேறு

தமிழில் தூய்மைக் குறைவைச் சுட்டும் சொற்கள் பல. துணியில் படிவது அழுக்கு, போகாமல் தங்கிவிடுவது கறை, காற்றிலும் நீரிலும் கலப்பது மாசு, வாய்பட்டது எச்சில். இவற்றில் அழுக்கு, கறை, மாசு ஆகிய மூன்றும் கண்ணுக்கோ மூக்குக்கோ கருவிக்கோ புலப்படும் பொருள்கள். யார் பார்த்தாலும் அழுக்கு அழுக்குதான். சோப்பும் தண்ணீரும் போட்டால் அது போய்விடும்.

தீட்டு ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லன்று. அது ஒரு நிலையைக் குறிக்கிறது. ஓர் ஆளோ பொருளோ இடமோ ஒரு குறிப்பிட்ட நிகழ்வால், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளின் தொடுகையால், வழிபாட்டுக்கும் உணவுக்கும் நெருக்கத்துக்கும் தகுதியற்றதாகிவிட்டது என்று ஒரு சமூகம் அறிவிக்கும்போதுதான் தீட்டு பிறக்கிறது. கண்ணாடிபோல் துடைத்த தரையும் தீட்டாக இருக்கலாம். சேறும் சகதியுமான கோயில் வாசல் தீட்டில்லாமல் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது, பிராமண வீடுகளில் வழங்கும் மடி, விழுப்பு என்ற இணை. குளித்து, தனியே உலர்த்திய ஆடையை உடுத்தி, பிறர் மேல் படாமல் இருப்பது மடி. அந்த நிலை இல்லாதது விழுப்பு. சலவைக்காரர் வெளுத்துத் தேய்த்துத் தந்த வேட்டி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், மறுபடி நனைத்து உலர்த்தும் வரை அது விழுப்புதான். பட்டோ, பலமுறை உடுத்தித் துவைக்காமல் மடித்து வைத்திருந்தாலும் மடியாகவே கொள்ளப்படும். அழுக்கைப் பற்றிய விதியாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

உணவிலும் இதே கணக்குதான். பச்சை அரிசி, நெல், தானியம் எவர் கைபட்டாலும் தீட்டாவதில்லை. வெந்த சோறு உடனே தீட்டாகிவிடும். நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, தூற்றி, மூட்டையில் கட்டித் தந்த கை அத்தனை முறை தொட்ட அரிசிக்கு எந்தக் குறையும் இல்லை. அதே கை ஒரு முறை அகப்பையைப் பிடித்தால் சோறு கெட்டுவிடுகிறது. அந்தக் கையின் உழைப்பு இல்லாமல் ஊருக்குச் சோறில்லை என்பதால், விதி இந்த இடத்தில் வளைந்து கொடுத்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இவ்விரண்டையும் குழப்புவதில் பெரும்பங்கு வகிப்பது ‘சுத்தம்’ என்ற சொல். தரையைப் பெருக்கினாலும் சுத்தம், மந்திர நீர் தெளித்துப் புண்ணியாகவாசனம் செய்தாலும் சுத்தம், புலால் உண்ணாவிட்டாலும் ‘சுத்த சைவம்’. ‘சுத்தபத்தமாக இருக்க வேண்டும்’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது, கைகழுவச் சொல்கிறாரா, ‘பத்து’ (வெந்த சோறு பட்ட கையும் பாத்திரமும் மற்றவற்றில் படக்கூடாது என்ற விதி) பார்க்கச் சொல்கிறாரா, யாருடன் பழகக் கூடாது என்று சொல்கிறாரா என்பதைக் கேட்கும் குழந்தை பிரித்து அறிய வழியில்லை. மூன்றும் ஒரே கட்டளையாக மனத்தில் பதிகின்றன.

2. சொல் வந்த வழி

‘தீட்டு’ என்ற வடிவத்தில் தமிழில் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் உள்ளன. கத்தி தீட்டுவது, ஓவியம் தீட்டுவது, அரிசி தீட்டுவது ஆகியவை ஒரு சொல். நாம் பேசும் தீட்டு இன்னொன்று. அகராதிகள் அதைத் ‘தீண்டு’ என்னும் வினையோடு சேர்க்கின்றன. தீண்டுதல் என்றால் தொடுதல். எனவே தீட்டு என்பதன் நேர்ப்பொருள் தொடுகையால் ஏற்பட்டது என்பதாகும்.

இந்த வினைக்குத் தொடக்கத்தில் இழிபொருள் இல்லை. ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்கிறது குறள் (65). காதலியின் தோள் தீண்டும்போதெல்லாம் உயிர் தளிர்ப்பதாக இன்னொரு குறள் (1106) கூறுகிறது. இவ்விரு இடங்களிலும் தீண்டல் இன்பம் தரும் செயல். ஆனால் இந்த வினைக்கு வேறொரு சாயலும் உண்டு. பாம்பு கடித்ததைப் ‘பாம்பு தீண்டியது’ என்கிறோம். பட்ட இடத்தில் ஏதோ ஒன்று ஏறிவிடுகிறது, தொட்டவரிடமிருந்து தொடப்பட்டவருக்குக் கடக்கிறது என்ற பொருள் அதில் இருக்கிறது. தீட்டு என்ற பெயர்ச்சொல்லில் உறைந்து நிற்பது இந்தச் சாயல்தான்.

சொல்லைவிட வழக்கம் பழையது என்பதற்கும் சான்று உண்டு. போருக்கு அஞ்சி ஒதுங்கி நின்ற குதிரைகளை, ‘அணங்குடை முருகன் கோட்டத்துக் கலந்தொடா மகளிரின்’ என்று உவமிக்கிறது புறநானூற்றின் 299ஆம் பாட்டு. முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் இந்த மகளிர் மாதவிலக்கானவர்கள் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விலகல் என்பது தொடாமையாகவே சொல்லப்படுகிறது. இரண்டு, அந்த இடம் ‘அணங்குடை’ இடம், அதாவது அச்சம் தரும் ஆற்றல் உறையும் இடம். அவர்கள் அழுக்கானவர்கள் என்று பாட்டு எங்கும் கூறவில்லை.

தமிழோடு நெருங்கிய மலையாளத்தில் இந்தச் சொல் இன்னும் நீண்ட பாதையில் சென்றது. அங்கே ‘தீண்டல்’ என்பது தொடாமலே, குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தாலே ஏற்படும் தீட்டைக் குறிக்கலாயிற்று. மாதவிலக்கான பெண் ‘தீண்டாரி’. கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்னாருக்கு இதற்கு மேல் அனுமதியில்லை என்று நட்ட பலகை ‘தீண்டல்பலகை’. 1924-25இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கானதன்று; கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கானது. தமிழ்நாட்டிலிருந்து சென்று பெரியார் சிறைப்பட்டதும் அந்தத் தெருவுரிமைக்காகவே.

ஈழத்தமிழர் வழக்கில் தீட்டுக்கு நிகராகத் ‘துடக்கு’ என்ற சொல் உண்டு. சாவு, பிறப்பு, மாதவிடாய் மூன்றுக்கும் அங்கே துடக்கு என்பார்கள். சாவு வீடு ‘துடக்கு வீடு’. தமிழ்நாட்டில் மாதவிடாய்க்கு மட்டும் நேராகப் பெயர் சொல்லாமல் ‘தூரம்’, ‘விலக்கு’, ‘முட்டு’ என்று பல பெயர்கள் வழங்குகின்றன. முதலிரண்டும் அந்தப் பெண் எங்கே வைக்கப்படுகிறாள் என்பதைச் சொல்கின்றன. அவள் உடலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

3. எவையெல்லாம் தீட்டு?

நடைமுறையில் தீட்டு என்று வழங்குபவற்றை, அவை எங்கிருந்து வருகின்றன என்பதை வைத்து இவ்வாறு பிரிக்கலாம்.

1. சாவுத் தீட்டு. வடமொழி நூல்கள் இதை ஆசௌசம் என்கின்றன. இறந்தவரின் பங்காளிகள் அனைவரையும் இது பற்றும். கோயிலுக்குப் போவது, விளக்கேற்றிப் பூசை செய்வது, சுப காரியங்கள் ஆகியவை நிறுத்தப்படும்.

2. பிறப்புத் தீட்டு. சில வீடுகளில் ‘விருத்தி’ என்றும், வடமொழி வழியில் ‘சூதகம்’ என்றும் பெயர். மகிழ்ச்சியான நிகழ்வும் தீட்டையே தருகிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

3. மாதவிடாய்த் தீட்டும் பூப்புத் தீட்டும். முன்னது மூன்று முதல் ஐந்து நாள். பின்னது வீட்டுக்கு வீடு மாறும், சடங்கோடு முடியும்.

4. தொடுகை, உணவு, காலம் சார்ந்த சிறு தீட்டுகள். எச்சில், பத்து, விழுப்பு, கிரகணம், துக்க வீட்டுக்குப் போய்வருதல் ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலும் குளித்தாலோ கைகழுவினாலோ தீர்ந்துவிடும்.

5. சாதித் தீட்டு. இதற்கு நிகழ்வு எதுவும் வேண்டியதில்லை. இன்னார் வீட்டில் பிறந்தது ஒன்றே போதும்.

முதல் வகை சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. ஏனெனில் தீட்டு எந்தத் தருக்கத்தில் இயங்குகிறது என்பதை அதுவே அப்பட்டமாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு ஊரில் பங்காளி இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது. அவர் பிணத்தைப் பார்க்கவில்லை, தொடவில்லை, ஒரே கண்டத்தில்கூட இல்லை. ஆயினும் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து அவருக்குத் தீட்டு. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, வாய்க்கட்டு கட்டி, பாடையில் தூக்கி வைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கோ ஒரு முழுக்கில் தீட்டு போய்விடுகிறது. நோய்த்தொற்றைத் தடுக்கும் விதி இப்படி இருக்க முடியாது. தீட்டு உறவின் வழியே பாய்கிறது. உடலில் ஒட்டிய எதுவும் அதைத் தீர்மானிப்பதில்லை. மணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டுப் பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு, பெற்ற தாய் தந்தைக்கு மூன்றே நாள் என்று சில சமூகங்களில் விதி இருப்பதும் இதனால்தான். அவள் யாருடைய ஆள் என்பதை அந்த நாள் கணக்கு அறிவிக்கிறது.

நாள்களின் எண்ணிக்கையும் சாதியைப் பொறுத்தது. மனு நூல் (5:83) பிராமணருக்குப் பத்து, சத்திரியருக்குப் பன்னிரண்டு, வைசியருக்குப் பதினைந்து, சூத்திரருக்கு ஒரு மாதம் என்று வகுக்கிறது. தமிழ்நாட்டில் பல சாதியினர் பதினாறாம் நாள் கருமாதியோடு தீட்டுக் கழிக்கின்றனர். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு துடக்குக் கழிகிறது. ஒரே சாவு, ஒரே துக்கம். ஆனால் ஒருவர் விரைவில் தூய்மையாகிறார், மற்றவருக்கு மூன்று மடங்கு காலம் ஆகிறது. பிறந்த குலத்தைத் தவிர இதற்கு நூல் வேறு காரணம் தரவில்லை.

4. தீரும் தீட்டும் தீராத தீட்டும்

மேலே கூறிய ஐந்தையும் இரண்டாகப் பகுக்கும் கேள்வி ஒன்றுதான்: இது தீருமா?

முதல் நான்கும் தீரும். அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவில் குளியல், எண்ணெய், புதுத்துணி, புண்ணியாகவாசனம் என்று ஒரு சடங்கு உண்டு. அதன் பின் அந்த ஆள் பழைய இடத்துக்குத் திரும்புகிறார். ஐந்தாவது தீராது. நூறு முறை குளித்தாலும், படித்துப் பட்டம் பெற்றாலும், மதம் மாறினாலும்கூட ஊர் அந்தத் தீட்டை நீக்கித் தருவதில்லை. அதற்குச் சடங்கு இல்லை. அந்த ஆள் தொட்டவருக்குத்தான் சடங்கு.

இதன் உச்சத்தை 1927இல் மகாராட்டிரத்தின் மகாட் நகரில் காணலாம். நகராட்சியின் சவுதார் குளத்தில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற நிலையில், அந்த ஆண்டு மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் சென்று அதன் நீரைப் பருகினர். பின்னர்ச் சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தனர். 108 மண்பானைகளில் குளத்து நீரை எடுத்து, அதில் பால், தயிர், சாணம், கோமூத்திரம் ஆகியவற்றைக் கலந்து, மந்திரம் ஓதித் திரும்பக் குளத்திலேயே ஊற்றினர். மனிதர் கை பட்ட குடிநீர் தீட்டு. சாணமும் மூத்திரமும் கலந்த குடிநீர் தூய்மை. தீட்டுக்கும் சுகாதாரத்துக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடுகிற எவரும் இந்த ஒரு நிகழ்வுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

தீரும் தீட்டும் தீராத தீட்டும் வெவ்வேறு என்றாலும் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வீட்டுக்குள் மாதம் மூன்று நாள் தாயே ஒதுங்கி நிற்பதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, தொட்டால் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்பது இயல்பான அறிவாகிவிடுகிறது. அதே அறிவைத் தெருவில் நிற்கும் மனிதர் மேல் பொருத்துவதற்குத் தனிப்பாடம் தேவைப்படுவதில்லை. சாதித் தீட்டை வெறுப்பதாக மனமாரச் சொல்பவர்களும் வீட்டுத் தீட்டைத் தொடாமல் விடுவது, இந்தப் பயிற்சியைத் தொடரவிடுவதாகவே முடிகிறது.

5. ‘அந்தக் காலத்தில் சுகாதாரத்துக்காகத்தான் வைத்தார்கள்’

மாதவிடாய்த் தீட்டுக்கு இன்று சொல்லப்படும் முதன்மையான நியாயம் இது. இரண்டு வடிவங்களில் வருகிறது.

முதல் வடிவம்: அது கெட்ட இரத்தம், வெளியேற வேண்டிய கழிவு. இது உடலியல்படி தவறு. கருத்தரித்தால் கரு தங்குவதற்காகக் கருப்பையின் உட்சவ்வு தடிப்பேறுகிறது. கருத்தரிக்காதபோது சுரப்புகளின் அளவு குறைந்து அந்தச் சவ்வு இரத்தத்தோடு சேர்ந்து உதிர்கிறது. ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் பெரும்பாலும் 80 மில்லிலிட்டருக்குள்தான். அது உடலில் ஓடும் அதே இரத்தம், அதில் நஞ்சில்லை. அது பட்டால் செடி கருகும், ஊறுகாய் கெடும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இரண்டாம் வடிவம் இன்னும் நயமானது: ஓய்வு கொடுப்பதற்காகவே ஒதுக்கி வைத்தார்கள். கூட்டுக்குடும்பத்தின் ஓயாத அடுப்படி வேலையிலிருந்து மூன்று நாள் விடுதலை கிடைத்ததை நன்றியோடு நினைவுகூரும் பெண்கள் உண்டு. அந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஓய்வுதான் நோக்கம் என்றால், நல்ல படுக்கையும் சத்தான உணவும் தந்திருக்க வேண்டும். தனித் தட்டும், கிழிந்த பாயும், மாட்டுக்கொட்டகை ஓரமும் தரப்பட்டிருக்காது. வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று நாளும் கூலி வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததில்லை; பூசையறையும் கோயிலும்தான் விலக்காக இருந்தன. ஓய்வு என்பது வசதியுள்ள வீடுகளில் விலக்கின் பக்கவிளைவாகக் கிடைத்தது என்பதே பொருந்தும்.

ஒரு வழக்கம் சுகாதாரம் சார்ந்ததா, தீட்டுச் சார்ந்ததா என்று அறிய மூன்று கேள்விகள் உதவும்.

அ) சோப்பு, தண்ணீர், நாப்கின், கழிப்பறை ஆகியவை வந்த பிறகும் அதே விதி தொடர்கிறதா?

ஆ) விதி அந்த ஆளின் நலனைக் காக்கிறதா, அல்லது அவரிடமிருந்து மற்றவற்றைக் காக்கிறதா?

இ) ஒரே செயலுக்கு ஆளுக்கு ஆள் வேறு விதி இருக்கிறதா?

தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையில் படுக்கை, வெளியே தேர்வு ஆகிய எதுவும் இவற்றுக்கு முன் சுகாதார விதியாக நிற்பதில்லை. உண்மையான சுகாதாரத் தேவை வேறு பக்கம் இருக்கிறது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர், நாப்கின் மாற்ற மறைவிடம், துணி பயன்படுத்துவோர் அதை வெயிலில் உலர்த்த இடம். தீட்டு என்ற கருத்து இவற்றைக் கெடுக்கவே செய்கிறது. ஏனெனில் ‘தீட்டுத்துணி’ பிறர் கண்ணில் படக்கூடாது என்பதால் அது இருட்டு மூலையில் ஈரத்தோடு மறைத்து வைக்கப்படுகிறது.

6. சட்டம் எதைத் தடை செய்தது?

அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் தீண்டாமை என்றால் என்ன என்று அரசியலமைப்பு வரையறுக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் (1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்) வரையறுக்கவில்லை. மேலும் ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் மேற்கோள் குறிகளுக்குள் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு குறிகளைச் சுற்றியே பிற்காலத்தில் பெரும் வாதம் எழுந்தது.

இந்தக் குழப்பம் பின்னால் வந்ததன்று, பிறப்பிலேயே இருந்தது. 1948 நவம்பர் 29 அன்று இந்த உறுப்பு அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, வரையறை இல்லாததைக் கே. டி. ஷா சுட்டிக்காட்டினார். குறிப்பிட்ட காலங்களில் பெண்களும், ஈமச்சடங்கின்போது சிலரும் தீண்டத்தகாதவர்களாகக் கொள்ளப்படுகிறார்களே, அதுவும் இந்த உறுப்பின்படி குற்றமாகுமா என்று கேட்டார். மதம் அல்லது சாதி காரணமாக என்ற சொற்களைச் சேர்க்கும் திருத்தத்தை நசிருத்தீன் அகமது முன்வைத்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. வரையறை சேர்க்கப்படாமலே உறுப்பு நிறைவேறியது. ஷாவின் கேள்வி விடையின்றி நின்றது.

விடை நீதிமன்றங்களில் தேடப்பட்டது. 1957இல் மைசூர் உயர்நீதிமன்றம், மேற்கோள் குறிகளைக் காரணம் காட்டி, இந்தச் சொல் வரலாற்றில் வளர்ந்த சாதிவழித் தீண்டாமையை மட்டுமே குறிக்கும் என்றது. தொற்றுநோய், பிறப்பு, இறப்பு ஆகியவற்றால் வரும் தற்காலிக விலக்கு இதில் சேராது என்பது அதன் நிலைப்பாடு. நம் சொற்களில் சொன்னால், தீராத தீட்டு குற்றம். தீரும் தீட்டு சட்டத்தின் கண்ணில் படாது.

இந்தக் கோட்டை 2018 செப்டம்பர் 28 அன்று வந்த சபரிமலைத் தீர்ப்பு அசைத்தது. 10 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு இருந்த தடையை ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கியது. அதில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காரணமாக்கி ஒதுக்குவதும் தூய்மை-தீட்டு என்ற அதே கருத்தில் பிறந்தது, எனவே 17ஆவது உறுப்பு அதையும் தழுவும் என்று எழுதினார். மாறுபட்ட தீர்ப்பளித்த நீதிபதி இந்து மல்கோத்ரா, அந்த உறுப்பு சாதித் தீண்டாமைக்கே உரியது என்றார். ஷா எழுப்பிய கேள்விக்கு எழுபது ஆண்டுகள் கழித்து ஒரே அமர்வில் இரண்டு எதிரெதிர் விடைகள் கிடைத்தன. 2019 ஜனவரி 2 அன்று இரண்டு பெண்கள் சன்னிதானத்தை அடைந்ததும், கோயில் நடை சாத்தப்பட்டு, சுத்திச் சடங்கு செய்யப்பட்டு, அதன் பின்னரே திறக்கப்பட்டது. 2019 நவம்பர் 14 அன்று, மறுஆய்வு மனுக்களை நிறுத்தி வைத்து, இதில் எழும் பொதுவான கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது உச்ச நீதிமன்றம்.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு வழக்கு வரிசை கருவறையைப் பற்றியது. அர்ச்சகர் பணியில் வாரிசு உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சேஷம்மாள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆகமப்படி உரிமையற்றவர் தொட்டால் திருவுருவம் தீட்டுப்படும் என்ற நம்பிக்கையைக் காக்கத் தக்க மதக் கூறாகவும் அது பேசியது. மாற்று மரபைச் சேர்ந்த பிராமணர் தொட்டாலும் இதே விளைவுதான் என்பதால், இது சாதித் தீட்டு அன்று, மரபுத் தீட்டு என்பது ஒரு தரப்பின் வாதம். நடைமுறையில் அந்த மரபுகள் அனைத்தும் பிறப்பால் மட்டுமே நுழையக்கூடியவையாக இருக்கும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெளியே நிற்பவருக்கு எதுவும் இல்லை என்பது மறுதரப்பு. எனக்கு வலுவாகப் படுவது இதுவே. 2021 ஆகஸ்டில் பல சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேரைத் தமிழ்நாடு அரசு அர்ச்சகர்களாக நியமித்தபோது இந்த வாதம் மீண்டும் நீதிமன்றம் ஏறியது.

7. விளைவுகள்

சட்டம் எட்டாத இடத்தில் நிற்கும் தீட்டு உயிரையும் எடுக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்திய ஒரு பள்ளிச் சிறுமி வீட்டை ஒட்டிய தனிக்குடிசையிலேயே தங்க வைக்கப்பட்டார். தென்னை மரம் விழுந்து குடிசை நசுங்கியதில் அவர் இறந்தார். வீட்டுக்குள் படுத்திருந்தால் தீட்டு என்ற எண்ணத்துக்கு முன் புயல் எச்சரிக்கை தோற்றுப்போனது. மதுரை மாவட்டத்தில் கூவலப்புரத்திலும் அதை அடுத்த சில ஊர்களிலும், மாதவிலக்கான பெண்கள் தங்குவதற்கென்று ஊருக்குப் பொதுவாகவே ‘முட்டுத்துறை’ என்ற தனி இடம் இருக்கிறது.

உணவுத் தீட்டு பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பகுதியில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக வந்த தலித் பெண்ணின் சமையலைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தனர். அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினர். எதிர்ப்பு எழுந்த பின் ஆணை திரும்பப் பெறப்பட்டு, தடுத்தவர்கள் மீது வழக்குப் பதிவானது. இங்கே தீட்டு என்ற சொல்லை எவரும் மனுவில் எழுதத் தேவையில்லை. ‘சுத்தமாகச் சமைக்கவில்லை’ என்று எழுதினால் போதும். அதனால்தான் சுத்தம் என்ற சொல்லின் இரட்டைப் பொருளை அதிகாரிகளும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

கடைசி விளைவு அழுக்கையே பற்றியது. தீட்டைக் கழிப்பதில் இவ்வளவு நுணுக்கம் காட்டிய சமூகம், தன் கழிவைத் தானே அகற்றுவதைத் தீட்டாக்கி, அந்த வேலையை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டியது. கழிவை உண்டாக்கியவர் குளித்துத் தூய்மையாகிவிடுகிறார். அதை அள்ளியவர் நிரந்தரத் தீட்டாகிறார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிட விரிந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியின் நச்சுக்காற்று எந்தச் சாதிக்காரரையும் ஒரே வேகத்தில்தான் கொல்லும். ஆனால் வீட்டு உரிமையாளர் தொட்டி நிரம்பியதும் யாரைக் கூப்பிடுகிறார், கூப்பிடப்பட்டவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்தால், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்றும் பட்டியல் சாதியினராகவே இருக்கின்றனர். வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர் சாதி கேட்பதில்லை. வேறு எவரும் அந்த வேலைக்கு வருவதில்லை என்பதால், கேட்கும் தேவை அவருக்கு எழவில்லை.